செப்டம்பரில் வர வேண்டாம், டீச்சர்

ஆன்ஸ் நுவார்,
டொமினிக்கா.
13 அக்டோபர் 1996

அன்புள்ள வெர்னா அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவளிடமிருந்து கடிதம் வந்தால் முதலில் பயம்தான் வரும். அதனால் எடுத்ததுமே சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்கிறார்கள்.

என் பெயர் மோரா கில்லிஸ். கனடாவில் பள்ளி ஆசிரியை. உங்கள் ஊர்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு ஒரு வருடம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித்தர வந்திருக்கிறேன். உங்கள் அக்கா ஆந்தியா வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கிறேன். பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

கடிதம் எழுதச் சொன்னது உங்கள் அக்கா. "எனக்கு இந்தப் பேனா பிடிக்கிற பொறுமையெல்லாம் கெடையாது. நீதான் எப்பப் பாத்தாலும் எழுதிக்கிட்டிருக்கியே, என் தங்கச்சிக்கும் ரெண்டு வரி எழுது. பிள்ளைங்க நல்லாருக்குன்னு சொல்லு. புயல்ல போன கூரை இன்னும் ஒழுகுதுன்னும் சொல்லு" என்றார். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

ஜோலினாவுக்கு என்னை இன்னும் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். வந்த அன்றே, "எத்தன மாசம் இருப்பீங்க?" என்று கேட்டாள். ஜூலை வரை என்றேன். "போன தடவ வந்தவரும் அப்படித்தான் சொன்னாரு. ஈஸ்டருக்கே போய்ட்டாரு" என்றாள். பத்து வயதுப் பெண்ணிடம் என்ன பதில் சொல்வது?

நெட்டி என் வகுப்பில்தான் இருக்கிறாள். பள்ளி விட்டதும் கரைக்கு ஓடுகிறாள். எந்தப் படகு வந்தாலும் "இது ஆன்டிகுவாப் படகா?" என்று கேட்கிறாள். மீன்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. எனக்கு அப்படி இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகலாமா? ரோசோ நகரத்தைத் தாண்டி இருவரும் எதையும் பார்த்ததில்லை என்று தெரிகிறது. நானும் இந்தத் தீவைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறேன். உங்கள் அக்கா சரி என்றார். ஆனால் பெற்றவரிடம் கேட்பதுதான் முறை.

காய்கறி மூட்டையோடு ஆன்டிகுவா வரும் யூடிலா அம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மோரா

*

செயின்ட் ஜான்ஸ்,
ஆன்டிகுவா.
27 அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை யூடிலா கொண்டுவந்து கொடுத்தாள். டஷீன் கிழங்கு வாசனையோடு வந்தது. ஊரே வந்த மாதிரி இருந்தது.

கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். நாளெல்லாம் ஓட்டல் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். சாயங்காலம் விரல் மடங்குவதில்லை.

புயலில் வாழைத்தோட்டம் முழுக்கப் போனது உங்களுக்கு அக்கா சொல்லியிருப்பாள். பிள்ளைகளின் அப்பா அதற்கும் முன்பே குவாடலூப் போகும் படகில் ஏறி, இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார். நான் கிளம்பினபோது ஜோலினாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நெட்டிக்கு நாலு வயது. என்ன சொல்லிப் புரிய வைப்பேன்? ரோசோச் சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். பேக் ரொட்டி சுட்டு வை மா என்றாள். வந்து சுடுகிறேன் என்றேன். அவளைப் பொறுத்தவரை நான் இன்னும் சந்தையில்தான் இருக்கிறேன்.

பிறகு அக்கா ஆன்டிகுவா என்று சொல்லியிருக்கிறாள். கரைக்கு ஓடுகிறாள் என்று நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அக்கா சொல்லமாட்டாள்.

தாராளமாக அழைத்துப் போங்கள். நெட்டிக்கு நெஞ்சுச் சளி உண்டு, குளிர்ந்த தண்ணீரில் ரொம்ப நேரம் விடாதீர்கள். ஜோலினா பேச்சு வெடுக்கென்று இருக்கும். உள்ளே அப்படி இல்லை. என்னிடம் அனுமதி கேட்டதற்கு நன்றி. யாரும் என்னை ஒரு விஷயம் கேட்டு வெகுநாளாயிற்று. இங்கே சொல்வார்கள், நான் செய்வேன்.

இப்படிக்கு,
வெர்னா லாரோண்ட்

*

ஆன்ஸ் நுவார்,
24 நவம்பர் 1996

அன்புள்ள வெர்னா,

எவ்வளவு எழுதுவது என்றே தெரியவில்லை. நான்கு சனிக்கிழமையும் அலைந்தோம்.

முதலில் மரகதக் குளம். நெட்டி அருவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "டீச்சர், நீ என்னப் பாக்க முடியாது, நான் உன்னப் பாப்பேன்" என்று கத்தினாள். சளி ஞாபகம் வந்து சீக்கிரமே வெளியே எடுத்துத் துவட்டிவிட்டேன். பிறகு வோட்டன் வேவனில் வெந்நீர் ஊற்று. அழுகின முட்டை நாற்றம் என்று இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் இறங்கியவர்களை வெளியே இழுக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

போன வாரம் தெற்கு முனைக்கு, ஸ்காட்ஸ் ஹெட் போனோம். அந்தக் குறுகின நிலத்தில் நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் குளம் மாதிரி கடல். ஜோலினா அன்றுதான் முதல்முறையாக என்னிடம் தானாக வந்து பேசினாள். "ஆன்டிகுவா எந்தப் பக்கம்?" என்றாள். வடக்கே கைகாட்டினேன். மலைதான் தெரிந்தது. "அப்ப நாம தப்பான முனைக்கு வந்திருக்கோம்" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் நெட்டி என் மடியில் தூங்கிவிட்டாள். ஊர் வந்ததும் எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே "மா, இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். தூக்கக் கலக்கம்தான். இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. இப்போது வீட்டில் சில நேரம் "மா மோரா" என்கிறாள்.

கிறிஸ்துமசுக்கு வருவீர்கள் அல்லவா? கூரையைச் சரிசெய்தாயிற்று.

அன்புடன்,
மோரா

*

செயின்ட் ஜான்ஸ்,
8 டிசம்பர் 1996

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. படித்து சந்தோஷப்பட்டேன்.

அந்த மரகதக் குளத்துச் சாலையில் வாழைக்குலை லாரியின் மேலே உட்கார்ந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு நாளும் இறங்கினதில்லை. இறங்கினால் லாரி நிற்காது. வெள்ளைக்காரர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடப்பதைப் பார்ப்பேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று நினைப்பேன். இப்போது என் பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்வது நல்லது. நான் செய்யாதது. அதனால்தான் படிக்கும்போது ஒரு வரி விட்டு ஒரு வரி நெஞ்சில் குத்துகிறது.

பெயர் விஷயம். அவள் உங்களை டீச்சர் என்றே கூப்பிடட்டும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஒரு சொல்லுக்காக இப்படியா என்று நினைப்பீர்கள். என்னிடம் இப்போது இருப்பது அந்தச் சொல் மட்டும்தான்.

கிறிஸ்துமசுக்கு நிச்சயம் வருகிறேன். நெட்டியிடம் சொல்லிவையுங்கள்.

வெர்னா

*

ஆன்ஸ் நுவார்,
29 டிசம்பர் 1996

அன்புள்ள வெர்னா,

ஓட்டலில் விடுப்பு மறுத்துவிட்டார்கள் என்று நீங்கள் ஊர்க் கடைக்குத் தொலைபேசியில் சொன்ன செய்தி பண்டிகைக்கு முந்தின நாள்தான் வந்தது. சுற்றுலாக் கூட்ட நேரம், உங்கள் தவறில்லை. ஆனால் நீங்கள் சொன்னபடி நான் நெட்டியிடம் சொல்லிவைத்திருந்தேன். அவள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படகுத்துறையில் உட்கார்ந்திருந்தாள். ஆந்தியா போய்க் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் ஜோலினா போய், "வா, அவங்க வரல. எப்பவும் வரமாட்டாங்க. இதுக்குப் போய் உக்காந்திருக்கியே" என்று இழுத்துவந்தாள். உங்கள் அக்கா ஜோலினா முதுகில் ஓர் அடி வைத்தார். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அப்போது நான் ஒன்று செய்தேன். நெட்டிக்காக ரோசோவில் ஒரு சிவப்புச் சட்டை வாங்கி வைத்திருந்தேன். பண்டிகைக் காலையில் அதைக் கொடுத்து, "அம்மா அனுப்பினது" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, வாயில் வந்துவிட்டது. ஜோலினாவுக்கும் ஒரு புத்தகப் பையை அப்படியே கொடுக்க வேண்டியதாயிற்று. அவள் பையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். 

உங்கள் பெயரை உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் நெட்டியிடம் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

மோரா

*

செயின்ட் ஜான்ஸ்,
19 ஜனவரி 1997

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தோடு நெட்டி வரைந்த படமும் வந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண். கீழே "நன்றி மா". நீங்கள்தான் கைபிடித்து எழுதவைத்திருப்பீர்கள்.

அதைச் சலவைக் கூடத்தில் என் மேசைக்கு மேலே குத்திவைத்தேன். கூட வேலை செய்கிறவள், "அழகான சட்டை, நீயா வாங்கின?" என்றாள். ஆமாம் என்றேன். எந்தக் கடை என்றாள். ஏதோ ஒரு கடை சொன்னேன். கோபித்துக்கொள்ள உட்கார்ந்தவள் நானும் சேர்ந்து பொய் சொல்லிவிட்டேன். இனி உங்களை என்ன சொல்வது?

பிப்ரவரியில் கார்னிவல் திருவிழாவுக்கு விடுப்பு கையெழுத்தாகிவிட்டது. தாளை நானே வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்த முறை நெட்டியிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

வெர்னா

*

செயின்ட் ஜான்ஸ்,
16 பிப்ரவரி 1997

டீச்சர்,

ஓட்டலிலிருந்து உடனே வரச்சொன்னார்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா. யாரும் வரச்சொல்லவில்லை. கார்னிவல் திங்கட்கிழமை தெருவெல்லாம் மேளமும் ஆட்டமுமாக இருந்தபோது, யூடிலாவின் படகில் ஏறி வந்துவிட்டேன். உங்களுக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான் வந்து இறங்கினபோது நெட்டி உங்கள் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தாளே, அது கூச்சம் என்று நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்காரப் போனேன். எழுந்து நின்று, "நீங்க உக்காருங்க" என்றாள். ஈரப்பலா சுட்டது எடுத்துக் கொடுத்தேன். "நன்றி, உங்களுக்கு வேணாமா?" என்றாள். அக்காவை நீ என்கிறாள். உங்களை நீ என்கிறாள். மீன்காரக் கிழவரைக்கூட நீ வா போ என்கிறாள். என்னை மட்டும் நீங்க. பாதிரியாரிடம் பேசுகிற மாதிரி.

மறுநாள் சிவப்புச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். "நீங்க அனுப்பினது" என்றாள். அழகாக இருக்கிறது என்றேன். கதவருகே ஜோலினா நின்றிருந்தாள். நெட்டி போனபிறகு வந்தாள். "மா, அந்தச் சட்ட ரோசோல ஜன்னல்ல தொங்கிட்டிருந்தத நான் பாத்தேன். நீ அனுப்பலன்னு எனக்குத் தெரியும். அவகிட்டச் சொல்லமாட்டேன், பயப்படாத" என்றாள். பத்து வயதுப் பிள்ளை என்னைப் பயப்படாதே என்கிறது.

அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுதினால் அப்படி வரவில்லை. பிள்ளை சாப்பிட்டிருக்கிறாள், சதை போட்டிருக்கிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். நான் எதன்மேல் கோபப்படுவது?

வெர்னா

*

ஆன்ஸ் நுவார்,
2 மார்ச் 1997

அன்புள்ள வெர்னா,

நீங்கள் உண்மையை எழுதினீர்கள். நானும் எழுதுகிறேன்.

நெட்டி என் பின்னால் ஒளிந்தபோது நான் சிரித்தது கூச்சத்துக்காக மட்டும் இல்லை. அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன். அவளை முன்னால் தள்ளி, "போ, அம்மாகிட்டப் போ" என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன். "டீச்சர்னு கூப்பிடு" என்று நீங்கள் கேட்டபடி அவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவள் மறந்தபோது ஞாபகப்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு உதவத்தான் வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் போன வாரம் வீட்டை மாற்றிக்கொண்டேன். பள்ளிக்கு மேலே மேட்டில் ஓர் அறை கிடைத்தது. விலகி இருந்தால் சரியாகும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. நெட்டி தினமும் பொழுது சாயும் நேரம் மேடு ஏறி வந்து என் வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். உள்ளே கூப்பிட்டால் வருவதில்லை, போகச் சொன்னால் போவதில்லை. நேற்று உங்கள் அக்கா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளைன்னா என்ன ஆட்டுக்குட்டியா, இங்க அவுத்து அங்க கட்ட? உங்க ரெண்டு பேரு மனசு நோவுக்கும் இது என்ன பண்ணும்? ஒருத்தி கடலத் தாண்டி ஓடுறா, ஒருத்தி மேட்டுல ஏறி ஓடுறா."

 அவர் கேட்டதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மோரா

*

செயின்ட் ஜான்ஸ்,
23 மார்ச் 1997

அன்புள்ள டீச்சருக்கு,

மேட்டிலிருந்து இறங்குங்கள். அக்கா வீட்டுக்கே திரும்பிப் போங்கள். நமக்குள் இருக்கிற மன வருத்தத்துக்கு நெட்டி ஏன் தினமும் மேடு ஏற வேண்டும்?

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இங்கே மழைக்காலத்தில் ஓட்டல் ஆளைக் குறைக்கும். அப்போது நானே நின்றுகொள்கிறேன். தன் கீழ்த்துண்டு நிலத்தில் மறுபடி வாழை வைக்கலாம் என்கிறாள் அக்கா. ஜூலையில் வருகிறேன். நீங்கள் கிளம்பினபிறகு வருவேன். காரணம் உங்களுக்குத் தெரியும். உங்களை வைத்துக்கொண்டு நான் மறுபடி விருந்தாளியாக முடியாது.

ஒரே ஒரு உதவி. போகும்போது நெட்டியிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள். சந்தை என்று சொல்லாதீர்கள். அழுதால் அழட்டும்.

கோபத்தோடு எழுதவில்லை. நன்றாக யோசித்து எழுதுகிறேன்.

வெர்னா

*

கிளேஸ் பே,
கனடா.
20 ஜூலை 1997

அன்புள்ள வெர்னா,

இந்நேரம் வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள். பிள்ளைகளும் அக்காவும் நலம்தானே?

நீங்கள் கேட்டபடி நேராகச் சொன்னேன். கரையில் வைத்து, நல்ல வெயிலில். "நான் என் ஊருக்குப் போறேன் நெட்டி" என்றேன். "ஆன்டிகுவாவுக்கா?" என்றாள். அதைவிடத் தூரம் என்றேன். கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு, "அங்கயும் துணி மடிக்கப் போறியா?" என்றாள். பெரியவர்கள் கடலைத் தாண்டிப் போவது துணி மடிக்கத்தான் என்று நினைத்திருக்கிறாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். ஜோலினா என் பெட்டியைப் பேருந்து வரை தூக்கிவந்து, "ஜூலைன்னு சொன்னீங்க, ஜூலை வரைக்கும் இருந்தீங்க" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய வார்த்தை.

இங்கே கோடைக்காலம். ஆனாலும் கடல் சில்லென்று இருக்கிறது, அதில் யாரும் சிரித்துக்கொண்டு இறங்குவதில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிற மாதிரி இருக்கிறது.

இப்போது சேதி. என்னை அனுப்பிய அலுவலகத்தில் மறுபடி விண்ணப்பித்தேன். ஆன்ஸ் நுவாரிலேயே இன்னும் இரண்டு வருடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பரில் வருகிறேன். இந்த முறை ஒழுங்காக இருப்பேன், வெர்னா. வேறு வீட்டில் தங்குவேன். சனிக்கிழமைகளில் நாம் நாலு பேருமாகப் போகலாம். கொதிக்கும் ஏரிக்கு யாரும் இன்னும் போகவில்லை. நெட்டியிடம் நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயால் கேட்டால்தான் சரி.

நிறைந்த அன்புடன்,
மோரா

*

ஆன்ஸ் நுவார்,
10 ஆகஸ்ட் 1997

அன்புள்ள டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். உங்களுக்குக் கெட்டது நினைத்து நான் எழுதுவதில்லை என்று முதலில் நம்புங்கள்.

நான் வந்தபோது நெட்டி என் அக்காவோடுதான் படுத்தாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. பகலில் வாழைக்குழி வெட்டுகிற இடத்துக்கு ஜோலினா சோறு கொண்டுவருவாள், நெட்டி தூரத்தில் கல்லில் உட்கார்ந்து பார்ப்பாள். பின்னறைக் கதவைத் தினமும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். 

போன சனிக்கிழமை, எனக்கே எப்படித் தைரியம் வந்ததோ, இருவரையும் கூட்டிக்கொண்டு மரகதக் குளத்துக்குப் போனேன். லாரி போகும் சாலையில் இறங்கினேன். உள்ளே வழி தெரியாமல் நின்றேன். "இப்படி இல்ல, அங்க வேர் வழுக்கும். என் கையப் புடிச்சுக்கங்க" என்று நெட்டி முன்னால் வந்தாள். என் ஊரில் என் பிள்ளை எனக்கு வழிகாட்டிக்கொண்டு போனாள். "இங்கதான் டீச்சர் வழுக்கி விழுந்தா", "இங்கதான் நாங்க பேக் சாப்பிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வழி முழுக்க நீங்கள் இருந்தீர்கள். அருவிக்குப் பின்னால் போய் நின்றாள். நானும் சட்டையோடு உள்ளே போனேன். குளிரில் எனக்குப் பல் கிட்டிப்போயிற்று. அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வந்தபிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது.

டீச்சர், செப்டம்பரில் வர வேண்டாம். இந்த ஊருக்கு வர வேண்டாம். நீங்கள் வேறு வீட்டில் தங்கினாலும் அவள் அங்கேதான் வருவாள். நீங்கள் ஒழுங்காக இருப்பீர்கள், எனக்குத் தெரியும். நான் ஒழுங்காக இருக்கமாட்டேன். அவள் உங்களிடம் ஓடும் ஒவ்வொரு தடவையும் நான் ஆன்டிகுவா படகைத் தேடுவேன். என் பலவீனத்துக்கு நீங்கள் தண்டம் கட்டுகிற மாதிரி ஆகிறது. பள்ளியில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல டீச்சர் இல்லாமல் போகிறார். அதையும் நினைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

என் பிள்ளைகளை ஒரு வருடம் குறையில்லாமல் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு நான் எழுதுகிற கடிதம் இது. 

வெர்னா

*

கிளேஸ் பே,
24 ஆகஸ்ட் 1997

அன்புள்ள வெர்னா,

கடிதம் வந்த அன்று உங்கள்மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

பிறகு அலுவலகத்தில் பேசினேன். செயின்ட் வின்சென்ட் தீவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே போகிறேன். ஆன்ஸ் நுவார் பள்ளிக்கு வேறொருவரை அனுப்புவார்கள், கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நெட்டி என்னைப் பற்றிக் கேட்டால், டீச்சர் மறந்துவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். என்மேல் கோபம் வந்தால் ஏக்கம் சீக்கிரம் தீரும். அவளுக்கு நான் செய்யக்கூடியது இனி இது ஒன்றுதான்.

உங்களிடம் நான் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. எப்படிக் கேட்டாலும் போதாத மாதிரி இருக்கிறது.

மோரா

*

ஆன்ஸ் நுவார்,
14 செப்டம்பர் 1997

அன்பு மோரா,

நீங்கள் சொன்னபடி சொல்ல முடியவில்லை. வாய் வரை வந்தது. ஒரு முறை பொய் சொல்லித்தான் அவளைத் தொலைத்தேன். இன்னொரு பொய்யை உங்கள் தலையில் வைத்து அவளை மீட்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

பள்ளி திறந்த அன்று புது ஆசிரியர் வந்திருந்தார். நெட்டி வீட்டுக்கு வந்ததும், "டீச்சர் எப்ப வருவா?" என்றாள். உட்காரவைத்துச் சொன்னேன். "டீச்சர் வரேன்னுதான் எழுதினா. நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. பிறகு கத்தினாள். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். "நீ ஏன் சொன்ன? உன்ன யாரு சொல்லச் சொன்னா? நீ போ, நீ மறுபடியும் ஆன்டிகுவாவுக்கே போ." என் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினாள். அக்கா தடுக்க வந்தாள், நான் வேண்டாம் என்று கைகாட்டினேன். குத்தி ஓய்ந்ததும் என் மடியிலேயே விழுந்து அழுதாள். போக வேறு இடம் இல்லாததால் இருக்கலாம். அப்படியே தூங்கிப்போனாள்.

நீங்கள் எழுதிய அந்த மன்னிப்பை நீங்கள் கேட்க வேண்டியதில்லை. நான்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு நான் செய்தது நியாயம் இல்லை. இந்த வீட்டில் உங்கள் பெயரைச் சொல்ல யாருக்கும் தடை கிடையாது. ஆனால் இனி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். அவள் பெரியவளாகி எழுத நினைத்தால் எழுதட்டும், உங்கள் விலாசத்தை ஜோலினா வைத்திருக்கிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நெட்டி வந்து நிற்கிறாள்.

"யாருக்கு எழுதுற?"

"டீச்சருக்கு."

"நான் கோவமா இருக்கேன்னு எழுது."

"யார்மேல?"

"உன்மேலதான்."

எழுதிவிட்டேன்.

வெர்னா